பின் சக்கரம் எவ்வளவு தாங்கும்

ரெபேக்கா மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசையோடு வந்தவர்கள் உண்டு, பயத்தோடு வந்தவர்களும் உண்டு. கோபத்தோடு வந்து, அந்தக் கோபம் தணியாமலே இரண்டு வருஷம் நிலைத்து நின்றவள் மேகலா ஒருத்திதான்.

பொள்ளாச்சிப் பக்கம் மேகலாவின் குடும்பத்துக்குத் தென்னை நார் ஆலை இருந்தது. நடத்துவது மேகலா. கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில் நீண்ட நேரப் பந்தயங்கள் நடக்கும். ஒரு காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். மேகலாவும் அவள் தம்பி சம்பத்தும் அதில் ஓட்டினார்கள். காரின் கூரைமேல் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

ரெபேக்கா மேகலாவைவிடப் பத்து வயதாவது இளையவர். டிராக்கில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மேகலாவும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவர் மேகலாவை அக்கா என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

ஒரு பந்தயம் முடிந்த மறுநாள் காலை. டிராக் காலியாகக் கிடந்தது. ஷெட்டில் காரைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரங்களையும் கழற்றி வைத்திருந்தார்கள். ரெபேக்கா குனிந்து பிரேக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா வந்தாள். கையிலிருந்த செய்தித்தாளைக் கார் பானெட்மேல் வீசினாள்.

"பாருங்க மாஸ்டர்."

ரெபேக்கா பார்த்தார். காரில் சாய்ந்தபடி சம்பத் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, 'பொள்ளாச்சி வீரர் சம்பத் அணிக்கு ஆறாவது இடம்' என்று இருந்தது. படத்தின் ஓரத்தில் யாருடைய தோளோ பாதி தெரிந்தது.

"அந்தத் தோள் யாருதுன்னு தெரியுதுங்களா? என்னுது."

ரெபேக்கா படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முக்கால்வாசி நேரம் ஓட்டினது நானுங்க. ரெண்டாவது எடத்துல கொண்டாந்து நிறுத்தி, அவன் கையில வண்டியக் குடுத்தேன். ஒருத்தரே முழுசும் ஓட்டக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கறதால குடுத்தேன். இல்லைன்னா அதுவும் குடுத்திருக்க மாட்டேன். போன கையோட நேரா கொண்டுபோய் சரளைக்கல்லுல எறக்குனான். ஆறாவது எடம். பேப்பர்ல அவன் பேரு!"

"சம்பத் என்ன சொன்னார்?"

"வண்டி திரும்பலைங்கறான். எனக்குத் திரும்பின வண்டி அவனுக்கு மட்டும் எப்படித் திரும்பாமப் போகும்? சாக்கு. எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வெச்சிருப்பான்."

"வீட்டுல?"

"அப்பாவா? 'விட்டுக்குடு கண்ணு, அவன் சின்னவன்'ங்கறார். முப்பத்தொம்பது வயசு மாஸ்டர் அவனுக்கு! தலையில பாதி முடி போயிருச்சு. இன்னும் என்ன சின்னவன்?" மேகலாவுக்கு மூச்சு வாங்கியது. "முடிஞ்சுதுங்க. இனி அவன்கூட ஓட்ட மாட்டேன். தனியா ஓட்டற பந்தயத்துக்கு என்னோட பேரை எழுதிக்கங்க."

ரெபேக்கா தலையாட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முன் சக்கரம் இருந்த இடத்தைக் காட்டி, "இதைப் பார்த்தீங்களா?" என்றார்.

மேகலா குனிந்தாள். முன்பக்கத்து பிரேக் பேடுகள் தேய்ந்து வெறும் தகடாகிவிட்டிருந்தன. சூட்டில் கருகிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே பேடுகள் கடையிலிருந்து வாங்கி வந்ததுபோலப் புதிதாக இருந்தன.

அவள் முகம் சிவந்தது.

"நல்லாருக்குங்க நியாயம்," என்றாள். "எங்க வீட்டைக் கொண்டுவந்து நாலு சக்கரத்துல மாட்டி வெச்ச மாதிரி இருக்கு. ஒருத்தி தேஞ்சு சாகறா. ஒருத்தன் பின்னாடி ஒய்யாரமா உருண்டு வர்றான்."

"பிரேக் அடிச்சா பாரம் முன்னாடி வரும் அக்கா."

"தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். பின்பக்கம் லேசாயிரும், அதனால முன்பக்கம்தான் அதிகமாப் பிடிக்கணும். எல்லாம் தெரிஞ்சேதான் கேக்கறேன். ஏன் அப்படி இருக்கணும்? நாலும் சக்கரம்தானே? நாலுக்கும் ஒரே டயர்தானே? சமமா வெச்சா என்ன?"

"வெச்சுப் பாருங்க," என்றார் ரெபேக்கா.

மேகலா அவரை முறைத்தாள். கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். ரெபேக்காவின் முகத்தில் கேலி இல்லை. புதுப் பேடுகளைப் போட்டுச் சக்கரங்களை மாட்டச் சொல்லிவிட்டு, அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

ஓட்டுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. நாப் என்பார்கள். பெடலை மிதிக்கும் விசையில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது அது. உள்ளே திருகினால் முன்பக்கம் கூடும். வெளியே திருகினால் பின்பக்கம் கூடும்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ரெபேக்கா அதைத் தேடினார். அது இருந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

"இது என்ன அக்கா?"

"நான்தான் ஒட்டுனேன். அவன் நோண்டக்கூடாதுன்னு."

மேகலாவே டேப்பைப் பிய்த்து எறிந்தாள். நாப்பைப் பிடித்துக் கோபத்தோடு வெளியே திருகினாள். திருகிக்கொண்டே போனாள்.

"பாதி பாதி," என்றாள்.

"சரி. மெதுவாத்தான் போகணும். அந்த அகலமான கார்னர் மட்டும்."

நேர்ப்பாதை முடிகிற இடத்தில் அந்த வளைவு வரும். சுற்றிலும் வெற்றிடம். மேகலா வழக்கமான வேகத்தின் பாதியில் வந்தாள். பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றுவிடவில்லை. பின்பக்கம் தனக்கென்று ஒரு வழி பார்த்துக்கொண்டு கிளம்பியது. மேகலா ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குள் கண்ணாடிக்கு முன்னால் வேலி வந்தது, கொட்டகை வந்தது, வந்த பாதையே வந்தது. கார் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. புகையும் ரப்பர் நாற்றமும் உள்ளே நுழைந்தன.

"பாத்தீங்களா?" என்றாள் மேகலா. அவள் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "இதைத்தான் நான் சொல்றேன். அவனை நம்பி ஒரு பாரத்தைக் குடுத்தா இப்படித்தான். முன்னாடி போற நம்மளையும் சேத்துச் சுத்த விட்டுருவான்."

"அப்ப?"

"அப்ப என்ன? முன்பக்கமே எல்லாத்தையும் சொமக்கட்டும். அதுக்குத்தானே பொறந்திருக்குது!"

நாப்பைப் பிடித்தாள். இந்த முறை உள்ளே, கடைசி வரைக்கும் திருகினாள். ரெபேக்கா தடுக்கவில்லை. இருக்கைப் பட்டையை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அதே வளைவு. மேகலா மிதித்தாள். பின்பக்கம் ஆடவில்லை, அசையவில்லை. மேகலா பெருமையோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

கார் திரும்பவில்லை.

இன்னும் திருப்பினாள். முன் சக்கரங்கள் இரண்டும் இறுகிப் பூட்டிக்கொண்டு, திரும்பிய நிலையிலேயே தேய்த்துக்கொண்டு நேராகப் போயின. வளைவு இடதுபக்கம் ஒதுங்கிப் போனது. கார் சரளைக்கல்லில் இறங்கிப் புதைந்து நின்றது.

மேகலா ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் முழுக்கத் திரும்பியபடியே இருந்தது.

"இது நான் எப்பவும் வெக்கற அளவைவிட எவ்வளவு அதிகம்?" என்று கேட்டாள் கொஞ்சம் கழித்து.

"ஒரு திருகு. அவ்வளவுதான்," என்றார் ரெபேக்கா. "நான் முதல்ல வெச்சுக் குடுத்த எடம் இதைவிட ரொம்ப வெளிய இருந்துச்சு. நீங்க ஒவ்வொரு பந்தயத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள திருகிட்டே வந்திருக்கீங்க."

"எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லையே."

"நீங்க திருப்பறதுக்கு முன்னாடியே பிரேக்குல இருந்து காலை எடுத்துருவீங்க. பழகிட்டீங்க."

"அவனும் பழகட்டும்."

ரெபேக்கா இறங்கி, காரை இழுத்து வெளியே எடுக்க ஆள் கூப்பிட்டார்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது சம்பத் வந்திருந்தான். கையில் தேநீர் டம்ளர். டயரில் ஒட்டியிருந்த சரளைக்கல்லைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

"உங்க ஆலையில சம்பத் என்ன பாத்துக்கறார்?" என்று ரெபேக்கா மேகலாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஒண்ணும் பாத்துக்க மாட்டான். காலையில வருவான், எல்லாருகிட்டயும் சிரிச்சுப் பேசுவான், போயிருவான்."

"எதையாவது குடுத்துப் பாத்தீங்களா?"

"குடுத்தாக் கெடுத்துருவான்."

"எது கெட்டுச்சு?"

மேகலா வாய் திறந்தாள். உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"குடுத்தாத்தானே கெடும்!" என்று வெடித்தாள்.

ரெபேக்கா சம்பத்தைக் கூப்பிட்டார். "அக்கா எப்பவும் வெக்கற எடத்துக்கே நாப்பைத் திருப்பி வெச்சுட்டேன். ஏறி உக்காருங்க. நான் கை காட்டினா அதை ஒரு திருகு வெளிய திருப்பணும்." பிறகு மேகலாவிடம், "நீங்க என்கூட வாங்க," என்றார்.

வளைவுக்கு வெளியே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. இருவரும் அதன் பின்னால் போய் நின்றார்கள். இரண்டு வருஷத்தில் தம்பி ஓட்டுவதை மேகலா பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. அவன் ஓட்டும்போதெல்லாம் ஷெட்டில் உட்கார்ந்து கடிகாரத்தையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எதைப் பாக்கணும்?"

"சக்கரத்தை மட்டும்."

சம்பத் வந்தான். வேகமாகத்தான் வந்தான். பிரேக் பிடித்தான், திருப்பினான். முன் சக்கரங்கள் இரண்டும் திரும்பியபடி, உருளாமல் தேய்ந்துகொண்டே போவது மேகலாவின் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவன் தலை வளைவின் பக்கம் திரும்பியிருந்தது. கைகள் திரும்பியிருந்தன. வண்டி மட்டும் கேட்கவில்லை. அவன் காலை எடுத்து எப்படியோ சமாளித்து விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனான்.

ரெபேக்கா கை காட்டினார். அடுத்த சுற்றில் சக்கரங்கள் கொஞ்ச தூரமே தேய்ந்தன. மறுபடி கை காட்டினார். மறுபடி. ஒவ்வொரு முறையும் கார் வளைவின் உள்பக்கம் நெருங்கி நெருங்கி வந்தது. ஒரு சுற்றில் அது வழுக்கிக்கொண்டு போவதுபோல அப்படி அழகாகத் திரும்பிப் போனது. மேகலா தன்னை அறியாமல் சுவரைத் தட்டினாள். பிறகு தட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"போதும் மாஸ்டர். நிறுத்தச் சொல்லுங்க."

"போதும்னு எப்படித் தெரியும்?"

"இதுக்கு மேல போனா பின்னாடி தாங்காது."

"தாங்காதுன்னு அது சொல்லலையே."

ரெபேக்கா இன்னொரு முறை கை காட்டினார். அடுத்த சுற்றில் பிரேக் பிடித்ததும் காரின் பின்பக்கம் ஒரு சிறு உதறு உதறியது. மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கார் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரெபேக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கடுத்த சுற்றில் அந்த உதறல் இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை.

சம்பத் ஷெட்டில் இறங்கினான். வியர்வையில் நனைந்திருந்தான். முகம் வேறு மாதிரி இருந்தது.

"கடைசித் திருகு கொஞ்சம் அதிகமாப் போச்சுங்க மாஸ்டர். பின்னாடி லேசா வழுக்குச்சு. நானே பாதி திருப்பி வெச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுத் திருப்புனே?" என்றாள் மேகலா.

சம்பத் அவளைப் பார்த்தான். "யாரையும் கேக்கலைக்கா. தெரிஞ்சுது. திருப்பிட்டேன்."

மேகலா அவனை முறைத்தாள். தம்பி போனபின், ரெபேக்காவிடம் குறையாத கோபத்தோடு கேட்டாள்.

"சரி, எவ்வளவுதான் குடுக்கறது? அதையாவது சொல்லித் தொலைங்க. முழுக்கக் குடுத்தா சுத்திவிடுது. குடுக்காம விட்டா என்னாலயே திரும்ப முடியல. எவ்வளவுன்னு ஒரு அளவு இருக்குமில்ல?"

"வழுக்கற வரைக்கும் குடுங்க. அப்புறம் பாதி திருப்பி வாங்கிக்கங்க."

"வழுக்கினா?"

"வழுக்கட்டும். அதுக்குத்தான் டிராக்கைச் சுத்தி இவ்வளவு எடம் விட்டு வெச்சிருக்காங்க."

தனியாக ஓட்டும் பந்தயத்தைப் பற்றி மேகலா அன்றைக்குத் திரும்பப் பேசவில்லை. ரெபேக்காவும் கேட்கவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு முன்னால் ஆலையில் நார் ஏற்றி அனுப்பும் வேலையை மேகலா தம்பியிடம் விட்டாள். முதல் வாரமே ஒரு லாரி தப்பான ஊருக்குப் போனது. மேகலா கத்தின கத்தலில் களத்தில் நார் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சம்பத் ஒரு வார்த்தை பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் எந்த லாரியும் வழி தவறவில்லை. இதற்காக அவனைப் பாராட்ட வேண்டுமா என்று மேகலா யோசித்தாள். என்னை யார் பாராட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

பந்தய நாளில் இருவரும் சரிபாதி ஓட்டினார்கள். மேகலா தொடங்கினாள். பாதியில் இறங்கி, தம்பி ஏறும்போது பட்டையை இழுத்து மாட்டிவிட்டாள். நாப்பைப் பார்த்தாள். தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஷெட்டுக்குப் போகாமல் தடுப்புச் சுவருக்குப் போய் நின்றாள். சம்பத் ஒருமுறை அகலமாகப் போய் ஒரு காரை முந்தவிட்டான். இரண்டு சுற்றுக் கழித்து அதே வளைவில் அந்தக் காரை உள்பக்கமாக முந்தினான். மேகலா கத்தியதில் பக்கத்தில் நின்ற கொடிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது இடம். அவர்களுக்கு முதல் கோப்பை.

மேடை போட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் வெள்ளைச் சட்டையில் மைக்கோடு நின்றார். கூட்டம் நெருக்கியது.

"மூன்றாவது இடம், நம்ம பொள்ளாச்சிச் சிங்கம், சம்பத்!" என்று அவர் முழங்கினார். சம்பத் திரும்பி அக்காவைத் தேடினான். யாரோ அவனைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். மேகலா கீழே ஓட்டுநர் உடையில், ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்து நின்றாள். அறிவிப்பாளர் அவளைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது.

"தம்பிக்கு உதவியா அக்காவும் வந்திருக்காங்க. அவங்களுக்கும் ஒரு கைதட்டு குடுங்க!"

கூட்டம் கைதட்டியது. மேகலா படியிலிருந்து காலை எடுத்தாள்.

ஷெட்டுக்குள் அவள் வந்த வேகத்தில் கருவிப் பெட்டி ஒன்று கவிழ்ந்தது. பின்னாலேயே சம்பத் கோப்பையோடு ஓடிவந்தான்.

"அக்கா..."

"பேசாதே! உதவியா வந்திருக்கேனாம். உதவியா! பாதி நேரம் அந்த வெந்த பெட்டிக்குள்ள உக்காந்தது யாரு? நீ எப்படி அதை வாங்கிட்டு நின்னே? கை கூசலையா உனக்கு? பல்லைக் காட்டிட்டு நின்னியே, ஒரு வார்த்தை வந்துச்சா வாயில?"

"சொன்னேன்க்கா. அக்காவும் ஓட்டினாங்கன்னு சொன்னேன். அதுக்குள்ள மைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"சாக்கு! எல்லாத்துக்கும் ஒரு சாக்கு! ரெண்டு வருஷமா உன்னையச் சொமந்ததுக்கு எனக்குக் கெடைச்ச பேரு இது. உன்னாலதான். எல்லாம் உன்னாலதான்!"

சம்பத் தலையைக் குனிந்துகொண்டான். கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். வெளியே இரண்டாவது இடத்துக்கான பெயரை அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

மேகலா ரெபேக்காவின் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் நின்றது.

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர். நான் கோபப்பட்டது தப்பா?"

"இல்லை," என்றார் ரெபேக்கா. குனிந்து கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தினார். பிறகு ஷெட்டின் வாசலைக் காட்டினார்.

"ஆனா மைக் வெச்சிருக்கிறவர் அந்தப் பக்கம் நிக்கறார் அக்கா."

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள்.